தோற்ற வழக்குகளைத் தேடிப் படியுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் போலீஸ் காவல் பற்றி எழுதியபோது, பெல்ஜியத்தின் லூவன் நகரில் வருகை மாணவியாக ஒரு செமஸ்டர் படித்ததைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். காவலைப் பற்றி வந்த கடிதங்கள் குறைவு. லூவனைப் பற்றி வந்தவைதாம் அதிகம். ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே. நான் திருநெல்வேலியில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், கல்வி ஆலோசகர் அல்ல. விசா வாங்கித் தர என்னால் ஆகாது. அதற்காக அலுவலகத்துக்கு யாரும் போன் செய்ய வேண்டாம்.

எம்.ஏ. குற்றவியல் மாணவி, பாளையங்கோட்டை: ஐரோப்பிய ஆட்சிமுறை, மனித உரிமை, ஒப்பீட்டுக் குற்றவியல் மூன்றையும் சேர்த்து ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பட்டம் கிடையாதாம். ‘பட்டமே தராத படிப்புக்கு அவ்வளவு தூரமா?’ என்கிறார்கள் வீட்டில். எனக்கும் இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத பாடங்களாகத்தான் தெரிகின்றன. போகலாமா?

போங்கள். ஒட்டாத பாடங்கள் என்ற எண்ணத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஜெர்மனியின் பிரேமன் நகரில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். ஒருவரை ஹங்கேரி கேட்டது, மற்றவரை ருமேனியா கேட்டது. ருமேனியா கேட்ட ஆள் செய்த குற்றம், ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002இல் ஒரு பொதுக் கைது ஆணை முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாட்டு நீதிபதி ஆளைக் கேட்டால் மற்ற நாட்டு நீதிபதி அதிகம் துருவாமல் ஒப்படைத்துவிட வேண்டும். அமைச்சர் கையெழுத்து, தூதரகக் கடிதம் போன்ற பழைய நாடுகடத்தல் சடங்குகள் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாட்டுச் சிறைகளும் மனிதர் இருக்கத் தகாத நெரிசலில் இருக்கின்றன என்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது. பிரேமன் நீதிமன்றத்துக்குத் தர்மசங்கடம். லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்தைக் கேட்டது. 2016 ஏப்ரல் 5 அன்று பதில் வந்தது: போகிற ஆளுக்கு அந்தச் சிறையில் உண்மையான ஆபத்து உண்டா என்று குறிப்பாக விசாரி; உண்டு என்றால் ஒப்படைப்பைத் தள்ளி வை. அரன்யோஷி, கல்தரரு என்ற பெயர்களில் தேடினால் தீர்ப்பு கிடைக்கும்.

இதில் எந்தப் பாடம் எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது, சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு நாட்டின் உத்தரவை இன்னொரு நாடு நம்பியாக வேண்டும் என்பது ஆட்சிமுறை. நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது மனித உரிமை. ‘நெரிசல்’ என்று எதை வைத்துச் சொன்னார்கள், யாருடைய கணக்கை எடுத்தார்கள் என்பது ஒப்பீட்டுக் குற்றவியல். மூன்றில் ஒன்றை விட்டாலும் அந்தத் தீர்ப்பு பாதிதான் புரியும்.

இனி வீட்டில் சொல்ல வேண்டிய கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது ஐரோப்பாவில் பொது அளவு. அந்த 30 கிரெடிட்டையும் உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் இங்கே ஒரு செமஸ்டர் மிச்சம். ஏற்காவிட்டால் நல்ல அனுபவம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று எழுதிய படிப்பு ஒப்பந்தத்தில் துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் இருவர் கையெழுத்தும் விழாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். ‘போய்விட்டு வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அன்பாகச் சொல்லுவார்கள். அந்த அன்பை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் பொதுவாக அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இங்கே கட்டுவதோடு சரி. ஒப்பந்தம் இல்லாமல் தனியாக விண்ணப்பித்துப் போனால் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று அங்கே கட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் எந்த வகை என்பது இல்லை. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் தொடங்கும் செமஸ்டருக்குத் தேர்வு ஜனவரியில். கிறிஸ்துமஸோடு முடிந்துவிடும் என்று டிசம்பரில் திரும்பு டிக்கெட் போடுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பண்டிகைக்குப் பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும். அந்தக் காலத்துக்கு லூவன் மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிளாக்’. பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு. கேள்வித்தாளைக் கொடுத்து, குறிப்பெழுதக் கொஞ்ச நேரம் தருவார்கள். பிறகு பேராசிரியருக்கு எதிரே உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தபோது, ‘ஐரோப்பிய ஒன்றியத்தையே ஸ்ட்ராஸ்பர்க் கூண்டில் ஏற்ற முடியுமா?’ என்பது கேள்வி. முடியாது என்றேன். 2009இல் நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தம், ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் காக்கும் மனித உரிமை உடன்படிக்கையில் ஒன்றியம் சேர வேண்டும் என்கிறது. சேர்வதற்கான வரைவை லக்சம்பர்க் நீதிமன்றம் 2014 டிசம்பரில் நிராகரித்துவிட்டது என்று ஒப்பித்தேன். அவர் தலையசைத்துவிட்டு, ‘ஏன் நிராகரித்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?’ என்றார். அந்த ‘நீங்கள்’ என்ற இடத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது. நம் தேர்வுகளில் வளர்ந்தவர்களுக்கு முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். மொத்தம் 20 மதிப்பெண், 10 எடுத்தால் தேர்ச்சி. 14 எடுத்தவர்கள் அங்கே தலை நிமிர்ந்து நடப்பார்கள். ஊரில் அதை 70 சதவீதம் என்று சொல்லி அம்மாவை வருத்தப்படுத்தாதீர்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சங்கரன்கோவில்: ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பிய அவை, ஆணையம், இரண்டு நீதிமன்றங்கள்... தலை சுற்றுகிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பெயர்களை விடுங்கள், ஊர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது 1949இல் பத்து நாடுகள் தொடங்கிய ஐரோப்பிய அவை. இப்போது 46 நாடுகள். உக்ரைன் போரை அடுத்து 2022 மார்ச்சில் ரஷ்யாவை வெளியேற்றினார்கள். மனித உரிமை உடன்படிக்கையும் (1950, ரோம்) அதைக் காக்கும் நீதிமன்றமும் இந்த அவையைச் சேர்ந்தவை. துருக்கி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து எல்லாம் இதில் உண்டு. பிரஸ்ஸல்ஸில் இருப்பது 27 நாடுகளின் ஐரோப்பிய ஒன்றியம். சட்ட வரைவை முன்வைக்கும் ஆணையமும், நாட்டுத் தலைவர்கள் கூடும் உச்சி மன்றமும் அங்கே. ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில். பிரிட்டன் 2020இல் விலகியது பிரஸ்ஸல்ஸை விட்டுத்தான், ஸ்ட்ராஸ்பர்க்கை விட்டு அல்ல. இது ஒன்று தெளிவானால் பாதி தேர்ச்சி.

குழப்பத்துக்கு அவர்களும் காரணம். பன்னிரண்டு நட்சத்திர நீலக் கொடியை ஐரோப்பிய அவை 1955இல் ஏற்றது. பின்னால் ஒன்றியமும் அதையே எடுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு, ஒன்றியத்தின் நாடாளுமன்றம் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் பெட்டி படுக்கையோடு வந்து கூடுகிறது. இது வீண் செலவு என்று அந்த உறுப்பினர்களே பலமுறை சொல்லிவிட்டார்கள். மாற்ற முடியாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, மாற்றப் பிரான்ஸும் கையெழுத்திட வேண்டும். ஆட்சிமுறை என்ற பாடத்தின் ருசி இப்படிப்பட்ட இடங்களில்தான்.

பெல்ஜியமே ஒரு பாடம். மூன்று மொழிச் சமூகங்கள், மூன்று வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகாரம். 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாட்கள் முழு அரசு அமையவில்லை. ரயில் ஓடியது, சம்பளம் வந்தது, குப்பையும் அள்ளினார்கள். இது நல்லதா கெட்டதா என்று அங்கே இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஒரு தந்தை, தென்காசி: மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. அங்கே போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களாமே? சாப்பாடு எப்படி?

ஐயா, வருவார்கள். அது நல்லதற்குத்தான்.

பெல்ஜியத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிற யாரும் நகராட்சியில் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த பிறகு, கொடுத்த முகவரியில் உண்மையில் இருக்கிறீர்களா என்று பார்க்க அந்தப் பகுதிக் காவலர் வந்து மணியடிப்பார். வாசல் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் மகளின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட வாய்ப்புண்டு. என் அறைக்கு வந்தவர் நடுத்தர வயதுக்காரர், சைக்கிளில் வந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கட்டிலையும் மேசையையும் ஒரு பார்வை பார்த்தார். மேசையில் கிடந்த புத்தகத்தின் தலைப்பைப் படித்துவிட்டு, ‘காவல்துறையைப் பற்றியா? நல்லதாக எழுதியிருக்கிறார்களா?’ என்று கேட்டுவிட்டுப் போனார். குடியிருப்பு அட்டை அதற்குப் பிறகுதான் கிடைக்கும். அந்த அட்டை கையில் இருந்தால் ஸ்ட்ராஸ்பர்க், லக்சம்பர்க், ஹேக் எங்கும் தனி விசா இல்லாமல் போய்வரலாம்.

புறப்படும் முன் இங்கே எடுக்க வேண்டிய போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, முத்திரை வேலைகளுக்கு நேரம் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள், தூதரகத்தின் நடப்பு அறிவிப்பைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை நம்பாதீர்கள். மாணவர் அறையை லூவனில் ‘காட்’ என்பார்கள். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு மாதத்துக்கு என்பதால் ஒரு செமஸ்டருக்கு அறை கிடைப்பதுதான் உண்மையான சிரமம். பல்கலைக்கழக வீட்டுவசதிப் பிரிவில் இடம் உறுதியான அன்றே எழுதிப் போடச் சொல்லுங்கள்.

சாப்பாடு பரவாயில்லை. மாணவர் உணவகங்களில் சைவம் உண்டு. பெல்ஜியத்தின் இன்னொரு நகரமான கெண்ட், 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாகவே வைத்திருக்கிறது. மிளகாய்ப்பொடி மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

வாசகர், தூத்துக்குடி: நார்வே சிறைகள் ஓட்டல் மாதிரி இருக்கின்றன, வெளியே வந்தவர்கள் திரும்பக் குற்றம் செய்வதில்லை. ஸ்வீடனில் பாலியல் குற்றம் அதிகம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம் ஊரோடு ஒப்பிட்டு எழுதுங்களேன்.

ஒப்பிடலாம். அதற்கு முன் யார் எதை எண்ணுகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒப்பீட்டுக் குற்றவியலில் முதல் சில வாரங்கள் இதற்கே போய்விடும். ‘எப்போது சிறைக்குள் போகப் போகிறோம்?’ என்று வகுப்பில் முணுமுணுப்பு எழும்.

ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் ஓராண்டில் பலமுறை மனைவியைப் பலாத்காரம் செய்ததாகப் புகார் வந்தால், அங்கே ஒவ்வொரு முறையையும் தனிக் குற்றமாக எழுதுகிறார்கள். அதுவும் புகார் வந்த அன்றே கணக்கில் ஏறிவிடும். ஜெர்மனியில் போலீஸ் விசாரணை முடிந்த பிறகுதான் ஏறும். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ, ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுகிறது. பலாத்காரம் செய்து கொலையும் செய்தால் அது கொலைக் கணக்கில் போகும். இந்த மூன்று எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒருவர் வீடியோ எடுத்தால், அது குற்றத்தைப் பற்றிய வீடியோ ஆகாது.

நார்வேக்கும் இதே சோதனை வைக்க வேண்டும். விடுதலையானவர்களில் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி தண்டனை பெறுவோர் சுமார் 20 சதவீதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். அமெரிக்காவில் 2005இல் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்த அரசு ஆய்வு, மூன்று ஆண்டுக்குள் சுமார் 68 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள் என்றது. ஒன்று தண்டனை, மற்றது கைது. ஒன்று இரண்டு ஆண்டு, மற்றது மூன்று. நார்வே நன்றாகத்தான் செய்கிறது, சந்தேகமில்லை. 2010இல் திறந்த ஹால்டன் சிறையில் சன்னலுக்குக் கம்பி கிடையாது. ஆனால் 20க்கும் 68க்கும் உள்ள இடைவெளி முழுவதும் சிறையின் சாதனை அல்ல.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு லட்சம் மக்களுக்குச் சிறையில் எத்தனை பேர் என்று பார்த்தால் இந்தியாவில் சுமார் 40தான், நார்வேயைவிடக் குறைவு. அதனால் நாம் கருணை மிக்கவர்களா? 2022 இறுதியில் நம் சிறைகளில் கொள்ளளவைவிட 31 சதவீதம் அதிகம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். முதல் எண்ணை மட்டும் மேடையில் சொல்கிறவரிடம் மற்ற இரண்டையும் கேளுங்கள்.

‘ஐரோப்பியச் சிறை’ என்று ஒன்றே ஒன்று இருப்பதாகவும் நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் கைதிகள் குறைந்து அறைகள் காலியாயின. இடம் போதாத பெல்ஜியம் 2010 முதல் 2016 வரை அங்கே டில்பர்க் சிறையை வாடகைக்கு எடுத்துத் தன் கைதிகளை அனுப்பியது. உங்கள் நார்வேயும் 2015இல் அதே நெதர்லாந்தில் ஒரு சிறையை வாடகைக்கு எடுத்தது. பெல்ஜியத்தில் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போதெல்லாம் கைதிகள் குளியல், உலாவல் இன்றிக் கிடக்கிறார்கள் என்று 2017இல் ஐரோப்பிய அவையின் சித்திரவதைத் தடுப்புக் குழு பகிரங்க அறிக்கையே வெளியிட்டது. ரகசியமாக எழுதி எழுதிப் பலனில்லை என்றால்தான் அந்தக் குழு அதைச் செய்யும்.

வகுப்போடு ஒரு சிறைக்குப் போயிருந்தோம். வாசலில் செல்போனும் பாஸ்போர்ட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருவருக்கான அறையில் மூன்றாவது மெத்தை, பகலில் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். எங்களோடு வந்த பேராசிரியை பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 2016இல் குரோஷியா வழக்கில் வகுத்த அளவு இது: பலர் இருக்கும் அறையில் ஆளுக்கு 3 சதுர மீட்டருக்குக் கீழே போனால், அது மனிதத்தன்மையற்ற நடத்தை என்ற வலுவான அனுமானம் எழும், அப்படி இல்லை என்று நிரூபிப்பது அரசின் பாடு. கழிவறை இடத்தைக் கழிக்க வேண்டும், மேசை கட்டில் இடத்தைக் கழிக்கக் கூடாது. 3 சதுர மீட்டர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தச்சுக்கடையில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையைப் பாருங்கள். ஏறக்குறைய அதேதான். சித்திரவதைத் தடுப்புக் குழு 4 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. நீதிமன்றம் ஏன் ஒரு சதுர மீட்டரைக் குறைத்தது என்பதில் தீர்ப்பளித்த நீதிபதிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், கோவில்பட்டி: மனித உரிமை என்றாலே குற்றவாளிக்குத்தானா? பாதிக்கப்பட்டவருக்கு இல்லையா? மேலும், அந்த நீதிமன்றத் தீர்ப்பை நாடுகள் மதிக்கின்றனவா, அல்லது காகிதம்தானா?

முதல் கேள்வியை அங்கே வகுப்பில் நானும் கேட்டேன். 1985இல் நெதர்லாந்து தோற்ற வழக்கைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். மனவளர்ச்சி குன்றிய பதினாறு வயதுப் பெண் விடுதியில் பலாத்காரம் செய்யப்பட்டாள். அவளால் புகார் தர இயலாது, அவள் சார்பில் தந்தை தரவும் அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. சட்டத்தில் ஓட்டை விட்டதே அந்தப் பெண்ணின் உரிமையை அரசு மீறியதாகும் என்று ஸ்ட்ராஸ்பர்க் சொன்னது. 2009இல் துருக்கி தோற்றது. மருமகனின் அடி உதையைப் பற்றித் தாயும் மகளும் திரும்பத் திரும்பப் புகார் செய்தார்கள். மிரட்டலில் புகாரை வாபஸ் வாங்கியபோதெல்லாம் ‘குடும்பத் தகராறு’ என்று மூடினார்கள். கடைசியில் தாயைச் சுட்டுக் கொன்றுவிட்டான். காக்கத் தவறியது அரசு என்பது தீர்ப்பு. ‘குடும்பத் தகராறு’ என்று கோப்பை மூடுவது உங்களுக்கும் எனக்கும் தெரியாத வழக்கமா, ஐயா?

மதிக்கின்றனவா என்பதற்கு இரண்டு பதில் உண்டு. 2008இல் துருக்கிக்கு எதிராக சல்துஸ் வழக்கு. பதினேழு வயதுப் பையனை வழக்கறிஞர் இல்லாமல் விசாரித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்துத் தண்டித்தது நியாயமற்ற விசாரணை என்றார்கள். தோற்றது துருக்கி, ஆனால் அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்திய நாடுகளில் பெல்ஜியமும் ஒன்று. அங்கும் முதல் விசாரணையில் வழக்கறிஞர் இருக்கும் வழக்கம் இருக்கவில்லை. 2012 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தைப் போலீஸ்காரர்கள் உட்பட எல்லாரும் ‘சல்துஸ் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பிரிட்டன்: கைதிகள் அத்தனை பேருக்கும் ஒரேயடியாக வாக்குரிமை மறுப்பது தவறு என்று 2005இல் தீர்ப்பு வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் இழுத்தடித்து, ஓரமாகச் சில சலுகைகளைக் கொடுத்துக் கோப்பை மூடச் செய்தார்கள். நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) விசாரணைக் கைதிக்கும் வாக்கு இல்லை என்கிறது. அதனால் பிரிட்டனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு இடமில்லை.

போலீஸிடம் தந்த வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1872லேயே எழுதி வைத்தவர்கள் நாம். அதில் அவர்களுக்கு முன்னோடி. ஆனால் லாக்கப்புக்குள் சித்திரவதைத் தடுப்புக் குழுவின் வெளியாட்கள் எந்த நேரமும் நுழைந்து பார்க்கும் ஏற்பாடு அவர்களுக்கு 1989 முதல் உண்டு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. சாத்தான்குளத்துக்குப் பிறகும்.

வாசகர், மட்டக்களப்பு: அந்த நீதிமன்றத்தால் எங்களுக்கு ஏதும் உண்டா?

இலங்கை அரசுக்கு எதிராக அங்கே போக முடியாது. ஆனால் அடைக்கலம் கேட்டு ஐரோப்பாவுக்குப் போன தமிழர்களைத் திருப்பி அனுப்பலாமா என்பதில் அந்த நீதிமன்றத்தின் சட்டம் உங்கள் மக்களின் வழக்குகளாலேயே வளர்ந்தது. 1991இல் ஐந்து தமிழர்கள் பிரிட்டனுக்கு எதிராகத் தோற்றார்கள். ஊரின் பொதுவான அபாயம் போதாது, தனிப்பட்ட ஆபத்தைக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். 2008இல் என்.ஏ. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு தமிழர் வென்றார். உடலில் உள்ள தழும்பு, முன்பு கைதான பதிவு, லண்டனிலிருந்து திரும்புவது என ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதாக இருக்கலாம், கொழும்பு விமான நிலையத்தில் எல்லாம் சேர்ந்து என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். 2017இல் சுவிட்சர்லாந்து தோற்றது. திருப்பி அனுப்பப்பட்டவர் இலங்கையில் சிறைப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார், அபாயத்தைச் சரியாக ஆராயாமல் அனுப்பியது சுவிஸ் அதிகாரிகளின் தவறு என்று முடிவாயிற்று. 1991 தீர்ப்பையும் 2008 தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், தோற்ற வழக்கு பின்னால் எதற்கு உதவுகிறது என்று தெரியும்.

மாணவர், நாகர்கோவில்: டச்சு, பிரெஞ்சு தெரிய வேண்டுமா?

வகுப்புக்கு ஆங்கிலம் போதும். நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்கவும், கைதிகளோடு பேசவும் டச்சு இல்லாமல் முடியாது. முதல் வாரமே மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: வகுப்பறைக்கு வெளியே எதைப் பார்க்காமல் வரக் கூடாது?

ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் மிகப் பெரிய அமர்வான பெருமன்றத்தின் விசாரணை ஒன்று. பொதுமக்களுக்கு அனுமதி உண்டு, முன்கூட்டியே பதிய வேண்டும். ‘லா கூர்!’ (பிரெஞ்சில் ‘நீதிமன்றம்!’) என்று குரல் எழும், பதினேழு நீதிபதிகள் வரிசையாக வந்து அமர்வார்கள். ஆளுக்கு அரைமணி நேர வாதம், பிறகு நீதிபதிகளின் கேள்விகள், ஒரு முற்பகலில் முடிந்துவிடும். தீர்ப்பு வரப் பல மாதம். நம் உயர்நீதிமன்றக் கூச்சலில் பழகிய எனக்கு அந்த ஒழுங்கு கொஞ்சம் அலுப்பாகக்கூட இருந்தது. கேள்வி கேட்கிற நேரம் மட்டும் யாரும் கண்ணிமைக்க மாட்டார்கள்.

அதற்குச் சற்றும் குறையாதது பெல்ஜியத்தின் அசைஸ் நீதிமன்றம். கொலை போன்ற வழக்குகளில் தெருவில் போகும் சாதாரண மனிதர்கள் பன்னிரண்டு பேர் குற்றவாளியா இல்லையா என்று சொல்கிறார்கள். முன்பெல்லாம் காரணம் சொல்லாமல் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்லுவார்கள். ஒரு முன்னாள் அமைச்சரின் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் ஸ்ட்ராஸ்பர்க் போனார். ஏன் தண்டிக்கப்பட்டோம் என்று தனக்கே விளங்காத தீர்ப்பு நியாயமான விசாரணை ஆகாது என்று 2010இல் வென்றார். பெல்ஜியம் அதற்குள் சட்டத்தை மாற்றியிருந்தது.

மாணவர், திருச்செந்தூர்: விமானம் ஏறும் முன் எதைப் படிக்கலாம்?

பாடப்புத்தகம் வேண்டாம். மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகள் எல்லாம் ‘ஹூடாக்’ என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1978இல் வந்த டைரர் தீர்ப்பில் தொடங்குங்கள், சிறியதுதான். பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த மேன் தீவில் பதினைந்து வயதுப் பையனுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி மூன்று பிரம்படி. இது இழிவுபடுத்தும் தண்டனை என்றும், உடன்படிக்கையை இன்றைய நிலைமைக்கு ஏற்ப வாசிக்க வேண்டும் என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். பிரிட்டிஷ் நீதிபதி மட்டும் மாறுபட்டார். ‘பள்ளியில் பிரம்படி சகஜமாக இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான், என் பார்வையில் அதன் சாயல் இருக்கலாம்’ என்று அவரே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டில் கசையடித் தண்டனையை 1955இல் சட்டம் போட்டு ஒழித்தோம், பள்ளிக்கூடப் பிரம்பு அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு, மாறுபட்ட கருத்து இரண்டையும் படித்து, நீங்கள் யார் பக்கம், ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஜனவரியில் பேராசிரியருக்கு எதிரே உட்காரும்போது தேவைப்படுவது அந்தப் பழக்கம்தான்.